பூங்காச் சாவி யாரிடம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்ரீரங்கம் மேலூர் பக்கமிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் பெயரும் குடியிருப்பு நகரின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அப்படியே விட்டிருக்கிறேன். மற்ற வாசகர்களுக்காக விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைப்பிரிவில் ஒரு பூங்கா இருக்கிறது. சிமெண்டு பெஞ்சுகள், ஒரு சறுக்குமரம், இரண்டு வேப்பமரம், சுற்றிலும் கம்பி வேலி, கதவில் பூட்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நாலைந்து பேர் சேர்ந்து, சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லலாம் என்று நினைத்தீர்கள். அனுமதி யாரிடம் கேட்பது என்று விசாரித்தீர்கள். ஒருவர் கவுன்சிலரைப் பாருங்கள் என்றார். இன்னொருவர் ‘லெட்டர் எழுதிக் குடுங்க, பாக்கலாம்’ என்றார். மூன்றாமவர் ‘சும்மா நடத்துங்கம்மா, யாரு கேக்கப் போறாங்க’ என்றார். இப்போது உங்களுக்கு இரண்டு கேள்வி. உண்மையில் யாரிடம் கேட்க வேண்டும்? மாநகராட்சி மாமன்றத்தில் பூங்கா மட்டும் ஏன் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறது?

இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. அதனால்தான் பதில் நீளுகிறது.

முதலில் நிலம். திருச்சியில் நாம் காலாற நடக்கிற, கூட்டம் போடுகிற இடங்களுக்கெல்லாம் ஒரே சொந்தக்காரர் கிடையாது. உங்கள் பக்கத்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வனத் துறையுடையது. மேலணைக் காப்புக்காட்டில் 25 ஏக்கரில் அமைத்து 2015 நவம்பரில் திறந்தார்கள். முக்கொம்பில் பிள்ளைகள் ஊஞ்சலாடும் பூங்கா நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. பொன்மலை ஜி கார்னர் மைதானம் ரயில்வேயின் சொத்து. 2013 செப்டம்பரில் நரேந்திர மோடி வந்து பேசிய மாநாடு நடந்தது அங்கேதான். 2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் மூட்டை முடிச்சோடு போய் இறங்கியதும் அங்கேதான். அண்ணா விளையாட்டரங்கம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய இப்ராகிம் பூங்கா மாநகராட்சியுடையது.

ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்தால் இன்னும் சிக்கல். சித்திரை வீதியைப் பெருக்குவது மாநகராட்சி, அதில் ஓடுகிற தேர் கோயிலுடையது, அன்றைக்கு வண்டியைத் திருப்பிவிடுவது போலீஸ். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் நீங்கள் காலை நனைக்க மேட்டூரில் ஒருவர் மதகைத் தூக்கியிருக்க வேண்டும். காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடியபோது மாநகராட்சியைத் திட்டியவர்கள் பலர். பாலமோ நெடுஞ்சாலைத் துறையுடையது. இந்த ஊரில் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்ளவே கொஞ்சம் படிப்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே அனுமதிக்கு முந்திய கேள்வி, உங்கள் பூங்கா யாருடையது என்பது. மனைப்பிரிவுக்குள் இருப்பதால் அநேகமாக அது ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக இருக்கும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கேட்பவர், சாலைகள் போக மிச்சமுள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மொத்த இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் இதிலிருந்து தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் கொடுக்க முடியாத நிலையில் அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடலாம். அந்த வழியாகத்தான் பல சின்ன மனைப்பிரிவுகளில் பூங்கா என்பது கருவூலத்தில் ஒரு ரசீதாக மட்டும் இருக்கிறது. உங்களுக்கு நிலமாகவே கிடைத்திருக்கிறது, அதுவரை அதிர்ஷ்டம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மனை போட்டு விற்றவர் அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தன் கைக்காசில் தானம் செய்யவில்லை. அதன் விலையை மீதி மனைகளின் மேல் ஏற்றித்தான் விற்றிருப்பார். பத்திரத்தில் தானம் கொடுத்தவர் பெயர் அவருடையது, பணம் கொடுத்தவர்கள் உங்கள் தெருக்காரர்கள். அலுவலகப் படிக்கட்டில் தயங்கி நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தானப் பத்திரம் ஒரு காகிதம். இன்னொரு காகிதமும் உண்டு. 1959இலேயே இந்த மாநிலத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். உள்ளாட்சி தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் பட்டியல் தயாரித்து அரசின் ஒப்புதல் பெற வேண்டும், பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்பக்கூடாது, அவற்றைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அறுபது வருஷத்துக்கு மேலான சட்டம். அதன் பெயரைக் கேட்டாலே பல அலுவலகங்களில் ஒரு கணம் அமைதி நிலவும். உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், தானப் பத்திரத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

‘எங்களைப் போன்றவர்கள் கேட்டால் நடக்குமா’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள், அதுவும் முதலமைச்சர் சொல்லி. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம், அங்கே குடியிருப்பதே போதுமான உரிமை என்று ஏற்றுக்கொண்டு, ஒதுக்கீட்டை ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது. மருத்துவமனையும் பொது நன்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. பூங்காவின் பயன் வேறு, ஆஸ்பத்திரியின் பயன் வேறு, ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது என்றார்கள்.

சரி, நிலம் மாநகராட்சியுடையது என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சி என்பது யார்?

திருச்சி நகராட்சி 1866 நவம்பர் 1ஆம் தேதி பிறந்தது. 1865ஆம் ஆண்டின் ஊர் மேம்பாட்டுச் சட்டப்படி அமைத்தார்கள். பதவி வழியில் இரண்டு பேர், நியமனத்தில் ஒன்பது பேர், ஆகப் பதினோரு பேர். தேர்தல் என்பது 1877இல்தான் வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு 1871இலேயே தனி நகராட்சி இருந்தது. 1994 ஜூன் 1 அன்று ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துத் திருச்சியை மாநகராட்சி ஆக்கினார்கள். உங்கள் தெருப் பெரியவர்கள் இன்னமும் ‘முனிசிபாலிட்டி இருந்தப்போ’ என்று பேச்சைத் தொடங்குவதற்கு நியாயம் இருக்கிறது. நூற்றிருபத்து மூன்று வருஷம் தீவுக்குள்ளேயே முடிந்த காரியத்துக்கு அதன் பிறகு ஆற்றைத் தாண்ட வேண்டியதாயிற்று.

இப்போது 65 வார்டுகள். மாமன்றம் மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். அறுபத்தைந்து பேரும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசினாலே கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம் ஆகும். பேசுவதில் தப்பில்லை, பேசத்தான் அனுப்பினோம். குடிநீரில் சாக்கடை கலக்கிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, நாய் தொல்லை. எல்லாம் நிஜமான குறைகள். அது முடிந்ததும் அச்சிட்ட பொருள் நிரல் வரும். ஒப்பந்தப்புள்ளி ஏற்பு, மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி, மேயரின் முன்அனுமதியோடு ஏற்கெனவே செய்த செலவுக்குப் பின்னேற்பு. இவை பெரும்பாலும் மொத்தமாக நிறைவேறிவிடும். எதை முதலில் செய்வது, எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது என்ற பேச்சுக்கு அந்த நிரலில் தனியாக ஒரு எண் கிடையாது.

அந்த வரிசையை வேறு எங்கோ போடுகிறார்கள். பணம் வரும் வழிதான் அதைப் போடுகிறது. மத்திய நிதிக்குழு மானியம் வருகிறதென்றால் அதில் கணிசமான பங்கு குடிநீர், துப்புரவு என்று முத்திரை குத்தியே வரும். அதை எடுத்து சறுக்குமரம் வாங்க முடியாது. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காவுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது. எவ்வளவு தெரியுமா? திட்டச் செலவில் அதிகபட்சம் 2.5 சதவீதம். கடைசி வரிசை என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கை நான் பார்த்ததில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. மாமன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலரிடம் இருந்தது. தீர்மானத்தை முன்வைப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒரே நாற்காலியில். சரியாக அந்த இடைவெளியில்தான், 2017 ஜூனில், திருச்சி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. தெப்பக்குளம், பட்டர்வொர்த் ரோடு, உய்யக்கொண்டான் கரை, சத்திரம் பேருந்து நிலையம் என்று ஊரின் பொது இடங்களில் புதிதாகக் கை வைத்த பெரிய வேலைகள் பல, வார்டுக்கு ஓர் ஆள் இல்லாத காலத்தில் திட்டமிட்டவை. சிலது நன்றாகவே வந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெஞ்சு எத்தனை, கதவு எத்தனை மணிக்கு, உள்ளே என்ன செய்யலாம் என்பதை ஓட்டு வாங்கிய எவரும் உட்கார்ந்து விவாதிக்கவில்லை. 2022இல் மு. அன்பழகன் மேயரானார், இந்த ஊரின் முதல் ஆண் மேயர் (அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பெண்கள் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்புவதே இல்லை). அவருடைய மாமன்றம் கையேற்ற பூங்காக்களில் பல, பூட்டோடு சேர்த்தே கைக்கு வந்தவை.

வரிசையை மன்றமே வெளிப்படையாகப் போட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன் நகர மன்றம் உட்கார்ந்து, இந்த வருஷம் மாநிலத்திடம் நாம் கேட்கப்போவது இவை என்று ஒரு பட்டியலை விவாதித்து, ஓட்டெடுத்து, அச்சிட்டு வெளியிடும். எது முதல், எது மூன்றாவது என்று ஊருக்கே தெரியும். நம் மாமன்றங்களுக்கும் அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் போட அதிகாரம் இருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை. திருச்சியில் அந்தப் பழக்கம் வேர்பிடிக்காததற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, நீங்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

நமக்கு எப்போதும் பெரிய ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். 2011 முதல் 2014 வரை ஸ்ரீரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினரே முதலமைச்சர் ஜெயலலிதா. உங்கள் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அந்தக் காலத்து அறிவிப்பு. 2021இல் நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சரானவர் திருச்சி மேற்குத் தொகுதியின் கே.என். நேரு. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் திறந்த பிரம்மாண்டமான பேருந்து முனையம் அவர் காலத்துக் காரியம். ஒரு போன் பேசினால் நடக்கும் என்ற நிலை இருக்கும்போது எவர் உட்கார்ந்து பட்டியல் எழுதுவார்? இதனால் பெரிய விஷயங்கள் நடந்தன, நல்லதே. ஆனால் போன் பேசுமளவுக்குப் பெரிதாக இல்லாத விஷயங்கள் எழுத்தில் ஏறவே இல்லை. ஒரு தெருப் பூங்காவின் சாவிக்காக யார் அமைச்சருக்குப் போன் போடுவார்கள்?

இங்கேதான் உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. பூங்கா கடைசி வரிசையில் இருப்பது பணத்துக்கான வரிசையில். உங்களுக்கு வேண்டியதோ பணமே இல்லை. கதை சொல்ல மாநகராட்சி ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது விதி. எத்தனை பேர் வரை கேட்காமல் கூடலாம், அதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று எழுதி வைத்த ஒரு துணைவிதி. துணைவிதி செய்ய மாமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அரசு ஒப்புதல் தர வேண்டும். (அந்த அதிகாரம் உள்ள நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கதையே வேடிக்கை. 1998இல் இயற்றிக் கிடப்பில் போட்டு, 2023 ஏப்ரலில்தான் எழுப்பினார்கள். அதுவரை திருச்சிக்கென்று 1994இல் செய்த தனிச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது.) தார் வேண்டாம், ஜல்லி வேண்டாம், டெண்டர் வேண்டாம். மாமன்றம் தன் சொந்தக் கையால் தொடங்கக்கூடிய காரியங்கள் மிகக் கொஞ்சம். இது அவற்றில் ஒன்று.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். சிகாகோ நகரத்தின் பூங்காக்களை நடத்தும் அமைப்பு, ஐம்பது பேருக்கு மேல் கூடினாலோ ஒலிபெருக்கி வைத்தாலோ அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரிக் கூட்டம் நடத்திவந்த ஒரு குழு அனுமதி கேட்டது. சில சமயம் கிடைத்தது, சில சமயம் கிடைக்கவில்லை. இந்த விதியே பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விதி செல்லும் என்றது. காரணம்தான் நமக்கு முக்கியம். அனுமதி மறுக்க 13 காரணங்களை விதியே பட்டியலிட்டிருந்தது. அதற்கு வெளியே அதிகாரி ஒன்றும் சொல்ல முடியாது. 28 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும். மேல்முறையீடு உண்டு. கஞ்சாக் கூட்டத்தார் தோற்றார்கள். ஆனால் ஒரு நகரம் தன் பூங்கா அதிகாரியின் கையை எப்படிக் கட்டிவைக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது.

நம் பக்கத்தில் அனுமதி என்றதும் மனம் நேரே போலீஸுக்கும் போராட்டத்துக்கும் போய்விடுகிறது. நம் ஊர் விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு 2018இல் மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதத்துக்கு அனுமதி கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஒரு நாளுக்கு அனுமதித்தார், பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இது போன்ற வழக்குகளையே கேட்டுக் கேட்டு, பொது இடத்தில் கூடுவது என்றாலே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்ற நினைப்பு அலுவலகங்களில் ஊறிவிட்டது. பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்வதும் அதே கண்ணில்தான் விழுகிறது. அம்மா, நீங்கள் மைக் வைக்கப்போவதில்லை என்றால் ஒலிபெருக்கி அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. யாராவது காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மறுபக்கம் இன்னொரு அபாயம் இருக்கிறது, அனுமதியை வாடகையாக மாற்றுவது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மாமன்றம், செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து திடல்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எந்தப் பேட்டைப் பையன் மணிக்கு 120 ரூபாய் கொடுத்து ஆடுவான்? கூட்டணிக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள், வெளியிலும் சத்தம் கிளம்பியது. அடுத்த நாளே வாபஸ். தீர்மானம் என்று ஒன்று எழுத்தில் வந்ததால்தான் எதிர்க்க முடிந்தது என்பதையும் நான் கவனிக்கிறேன். வாய்மொழியாகச் சாவியை ஒருவரிடம் கொடுத்திருந்தால் யாரும் வாபஸ் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பூட்டைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருந்தீர்கள். பூட்டியவர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ராத்திரி பாட்டில் உடைகிறது. ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். இன்றைக்குக் கதைக்கு விட்டால் நாளைக்கு ஒரு கட்சியின் உறுப்பினர் சேர்க்கை முகாம், மறுநாள் பிறந்தநாள் விழா, அதற்கு மறுநாள் ஒரு பந்தல், பந்தல் பிறகு நகராது. கீழ்நிலை அலுவலர் ஒருவர் ‘பாக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவது பல நேரம் சோம்பலால் அல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், யாருக்கு மறுத்தாலும் மேலிருந்து போன் வரும் என்ற பயத்தால். எழுதிய விதி இருந்தால் அவரும் நிம்மதியாக மறுக்கலாம்: ‘பட்டியலில் ஏழாவது காரணம், பாருங்க சார்.’ துணைவிதியால் அதிகம் பலன் பெறப்போவது அநேகமாக அந்த மனிதர்தான்.

ஆனாலும் பகல் பூட்டை என்னால் ஏற்க முடியவில்லை. காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை நான்கிலிருந்து எட்டு என்று பல பூங்காக்கள் திறக்கின்றன. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வசதியான நேரம். வீட்டுவேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் நடுவே ஒரு மணி நேரம் உட்கார இடம் தேடும் பெண்ணுக்கு, சாப்பாட்டுப் பை சுமந்து வண்டி ஓட்டும் பையனுக்கு, பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நிழல் வேண்டும். சித்திரை மாசத் திருச்சி வெயிலில், இரண்டு வேப்பமரம் கம்பி வேலிக்குள் யாருக்கும் இல்லாமல் நிழல் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். சங்கங்கள் பூங்காவைத் ‘தத்தெடுக்கும்’ ஏற்பாடு பற்றி நல்லதாகச் சொல்கிறார்கள், செடிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் சாவி சங்கத் தலைவர் வீட்டு ஆணியில் தொங்கும்போது, மனை வாங்கியவர்களின் பூங்கா என்பது மெல்ல மாறி அந்தச் சங்கத்தின் பூங்கா ஆகிவிடுகிறது. உங்கள் சங்கத்துக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன், நீங்கள் அதில் பொருளாளர் என்று எழுதியிருப்பதால்.

இனி செய்ய வேண்டியது. எழுத்தில் கேளுங்கள், ஆனால் உங்கள் கதை வட்டத்துக்கு மட்டும் அனுமதி கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கிடைக்கும், டீச்சரம்மா என்று மரியாதை வைத்தே கொடுத்துவிடுவார்கள். அடுத்த தெருவில் பறை பழக இடம் கேட்கும் பையன்களுக்குக் கிடைக்காது. மனுவில் விதியைக் கேளுங்கள். ஐம்பது பேருக்குக் குறைவு, மைக் இல்லை, கடை இல்லை, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றால் தகவல் கொடுத்தால் போதும், அனுமதி வேண்டாம். அதற்கு மேல் என்றால் விண்ணப்பம், ஏழு வேலைநாளில் எழுத்தில் பதில், வராவிட்டால் அனுமதித்ததாக அர்த்தம். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் பூங்காவில் பாதி மற்றவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கட்சிக்கும் வியாபாரத்துக்கும் இல்லை, எந்தக் கட்சிக்கும். திறக்கும் நேரமும் சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணும் கதவில் எழுதியிருக்க வேண்டும். இவை என் யோசனைகள், உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டுங்கள். ஐம்பதை முப்பது ஆக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எண் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

இந்த மனுவைக் கொடுக்கச் சரியான இடம் வார்டின் பகுதி சபைக் கூட்டம். 2022இல் விதிகள் செய்து, அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதல் முறையாக அதை நடத்தினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்தார். (நம் நகராட்சி பிறந்த தேதியும் அதுவே. தற்செயல்தான், ஆனால் மனுவின் முதல் வரிக்கு உதவும்.) அங்கே பெரும்பாலும் விளக்கும் தண்ணீரும் பேசிக் கலைவார்கள். நீங்கள் உங்கள் மனுவைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறியதைக் கவுன்சிலர் மாமன்றத்தில் எழுப்பலாம், எழுப்பினால் அது பொருள் நிரலில் ஒரு எண் பெறும். ஸ்ரீரங்கம் மண்டலத்திலேயே வேறு நகர்களில் இதே போல் யோசிப்பவர்கள் இருப்பார்கள். மூன்று நான்கு வார்டுகளிலிருந்து ஒரே மனு வந்தால் தள்ளிவைப்பது கஷ்டம். தில்லைநகர், கே.கே. நகர்க்காரர்களுக்கும் இந்தக் கடிதம் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

அதுவரை சனிக்கிழமைகளை வீணாக்க வேண்டாம். பதில் வருமுன்னே ஒரு தகவல் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, கதவு திறந்திருக்கும் நேரத்தில் போய் உட்காருங்கள். திறந்திருக்கும் பூங்காவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைத் தடுக்க யாரிடமாவது விதி இருந்தால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இந்தப் பத்திரிகையிலேயே போடுவோம்.

கடைசி வரியில், தொடக்க நாளுக்குக் கவுன்சிலரைத் தலைமை தாங்கக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள். தலைமை வேண்டாம், ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மனுவை மட்டும் அதற்கு முந்திய வாரமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்